வெறும் வயிற்றோடு வந்த மணப்பெண்

நாற்காலி வாங்கியாயிற்று, பெயர்ப்பலகைக்கும் சொல்லியாயிற்று. பல் பிடுங்கும் வித்தையை என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். ஆகையால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்களைப் போலப் புதிதாகத் தொழில் தொடங்கும் பல் வைத்தியர்கள் ஓசூர் வழியாகப் போகும்போது என்னை எட்டிப் பார்ப்பதுண்டு. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அவசர மருந்தெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான். அலமாரியில் என்பார்கள். பூட்டியிருக்குமா என்றால் ஆமாம் என்பார்கள். சாவி எங்கே என்றால் சட்டைப் பையைத் தடவுவார்கள். நாற்காலியில் ஓர் ஆள் கண் செருகிக் கிடக்கும்போது நாம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

என்னுடைய பெட்டி ஒரு பிஸ்கட் தகரடப்பா. நாற்காலிக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் பலகையில் இருக்கிறது. முகரக் காட்டும் அமோனியா, நெஞ்சுவலிக்காரருக்காகத் துணியில் வைத்து நசுக்கி முகரக் கொடுக்கும் குப்பி, ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டினால் போட அட்ரினலின், வெறும் தடிப்போடு நின்றால் போட இன்னொன்று, குளுகோஸ், கொதிக்கவைத்த சிரிஞ்சு. இவ்வளவுதான். இதைவிடப் பெரிய பெட்டி எனக்குத் தேவைப்பட்டதில்லை. பெட்டியில் எதை எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சென்னையில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர், நாங்கள் பெட்டியை நோக்கி ஓடும்போதெல்லாம் எங்கள் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்துவார். "ஆள் அங்கே இருக்கிறான், நீ எங்கே ஓடுகிறாய்?" என்பார். அப்போது எரிச்சலாக இருக்கும்.

மயக்கங்களில் பெரும்பாலானவை வேடிக்கையானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூர் சாலையில் லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். நாற்காலி கொள்ளாத உடம்பு. ஜவளகிரிக் காட்டில் நடுச்சாலையில் நின்ற யானையைத் தாம் ஆரன் அடித்தே விரட்டிய கதையை எனக்கும் கம்பவுண்டர் நஞ்சப்பாவுக்கும் சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தார். என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். அப்படியே சரிந்துவிட்டார். நாடி மெதுவாக, நூல்போல ஓடியது. நாற்காலியைச் சாய்த்துத் தலையைத் தாழ்த்தி, காலைத் தூக்கிப் பிடித்தோம். மூக்கருகே அமோனியாவைக் காட்டியதும் கண் விழித்தார்.

"போயிடுச்சா?" என்றார்.

"யானைதானே? போயிடுச்சுண்ணா," என்றார் நஞ்சப்பா. "உங்களப் பாத்து அது பயந்துபோச்சு."

இப்படிப் பத்துப் பேரைப் பார்த்தபின் நமக்கு ஒரு சோம்பல் வந்துவிடும். மயக்கம் என்றால் காலைத் தூக்கு, அமோனியாவைக் காட்டு, அவ்வளவுதான் என்று கை தானாகவே நினைக்கத் தொடங்கும். சாரதா வந்த நாளில் என் கையும் அப்படித்தான் நினைத்தது.

சாரதா என்பது அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் அல்ல. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். என் மகள் வயதுதான் இருக்கும். கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருந்தது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவளோடு அவள் தாயும் இன்னோர் அம்மாளும் வந்தார்கள். அந்த அம்மாள்தான் முதலில் உள்ளே வந்து, முதலில் பேசியவர்.

"டாக்டரய்யா, பச்சத்தண்ணி பல்லுல படாம கூட்டியாந்திருக்கேன். ஆடி வெள்ளி வேற. வெரதமும் ஆச்சு, பல்லும் ஆச்சு."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பல் பிடுங்கிக்கொள்ள வெறும் வயிற்றோடுதான் வருவார்கள். சாப்பிட்டுவிட்டுப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று நம்பிக்கை. தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து, வயிறு ஒட்டிப்போய் என் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் மற்றவர்களைப் போல அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"நீங்க யாருங்கம்மா?" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு அத்தை. ஆனா வளத்ததெல்லாம் நான்தான், அவனுக்குத் தாயி இல்ல. பொண்ணப் பாத்துட்டுப் போலாம்னு ஊத்தங்கரையிலேருந்து நேத்துதான் வந்தேன். வந்து பாத்தா கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது. மூஞ்சி வீங்கிக்கினு மணவறையில உக்காந்தா எங்க ஊரு ஜனம் சும்மா இருக்குமா? பொண்ணு பாக்கப் போனவளுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சான்னு என்னைத்தான் கேக்கும்."

தாய் மகளிடம் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தாள். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு கன்னடம், வெளிப் பேச்சு தமிழ்.

"இதோ, ஆரம்பிச்சிட்டாங்க பாருங்க," என்றார் அத்தை சிரித்துக்கொண்டே. "நேத்துலேருந்து ரெண்டு பேரும் அவங்க பாஷையிலயே குசுகுசுன்னு பேசிக்கறாங்க. என்னைத் திட்டுனாக்கூட எனக்குத் தெரியாது."

வேறு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே தாய், "ஒண்ணுமில்லீங்க," என்றாள். சாரதா கொட்டாவி விட்டாள். மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. ஆடிக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்த நாள் அது, வேர்க்க நியாயமில்லை. பயத்தில் வேர்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

"எதுக்கு இத்தனை கேள்வி? எடுக்கறதுன்னா எடுங்க," என்று சாரதா வெடுக்கென்று சொன்னாள்.

தாயின் முகம் சுருங்கியது. அத்தை மட்டும் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா! எங்க ஊட்டுக்கு ஏத்த வாயிதான்."

மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் எதையோ சொல்லத் தொடங்கினாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாய் கொப்பளிக்க வைத்திருந்த டம்ளரைப் பிடிக்கப் போன கை நடுங்கி, டம்ளர் உருண்டது. பிறகு தலை தொங்கிவிட்டது.

நாற்காலியைச் சாய்த்தோம், காலைத் தூக்கினோம், அமோனியாவைக் காட்டினோம். முகத்தைத் திருப்பினாளே தவிரக் கண் திறக்கவில்லை. நாடியைப் பிடித்தேன். லாரிக்காரரின் நூல்போன்ற நாடியை எதிர்பார்த்த என் விரலுக்கடியில் இந்த நாடி குதித்து ஓடியது. ரவிக்கை முழுவதும் நனைந்திருந்தது. உடம்பு மட்டும் சில்லென்றிருந்தது.

"ஊசி ஒத்துக்கல! ஊசிதான் ஒத்துக்கல!" என்று கத்தினார் அத்தை. "டாக்டரய்யா, என்னா ஊசி போட்டீங்க எங்க பொண்ணுக்கு?"

எனக்கும் அதே எண்ணம்தான். ஊசி போட்டு இன்னும் வாய்கூட முழுதாக மரக்கவில்லை. வேறு என்ன இருக்க முடியும்? அட்ரினலின் ஆம்பூலை எடுத்து, உடைப்பதற்காக அதன் கண்ணாடிக் கழுத்தில் அரத்தை வைத்துவிட்டேன். நஞ்சப்பா அவள் கையைத் தூக்கி ரவிக்கைக் கையைச் சுருட்டினார்.

தம்பிகளே, தங்கைகளே, அந்த நொடியில் நான் செய்த ஒரே நல்ல காரியம், கோட்டைப் பிடித்து இழுக்கும் பேராசிரியரின் அந்தப் பழைய கை நினைவுக்கு வந்ததுதான். ஊசி ஒத்துக்கொள்ளாதவளாக இருந்தால் எங்கே தடிப்பு? உதடு ஏன் வீங்கவில்லை? மூச்சு இழுக்கிறதா? காதை வைத்துக் கேட்டேன், சுத்தமாக வந்தது. நாடி படுத்திருக்கிறதா? இல்லை. அந்த நோய் காட்ட வேண்டிய எதையும் இவள் காட்டவில்லை. நான் கையில் வைத்திருந்தது வேறு யாருக்கோ உரிய மருந்து.

அப்போதுதான் சுருட்டிய கையைப் பார்த்தேன். தோளுக்குக் கீழே சதையில் சிறு குழிகள். அவற்றைச் சுற்றி ஊசி ஏறிய புள்ளிகள். பழையவை கறுத்திருந்தன, ஒன்று இன்னும் சிவந்திருந்தது.

தாயைப் பார்த்தேன். அவள் சுவரோரமாக, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் பார்வை மகள்மேல் இல்லை, அத்தைமேல் இருந்தது. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன். அந்தப் பார்வை எனக்கு விளங்கிவிட்டது. இங்கே தமிழில் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்க" என்பதுதான் பதிலாக வரும். அத்தையை வெளியே அனுப்பலாம் என்றால் அவர் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. இழுத்துக் கொண்டுபோய் விடுவதற்கு நேரமும் இல்லை.

கன்னடத்தில் கேட்டேன். ஊசி போடுவது உண்டா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் இல்லை என்று சொல்ல இடம் இருக்கிறது. "மனேலி சூஜி யாரு ஹாக்தாரம்மா?" என்றேன். வீட்டில் ஊசி போடுவது யார்?

முந்தானை வாயிலிருந்து விலகியது. "நானே, ஸ்வாமி," என்றாள்.

மிச்சம் மளமளவென்று வந்தது. பெங்களூர் டாக்டர் எழுதிக் கொடுத்த இன்சுலின். தினமும் காலையில் போட வேண்டும். இன்றும் விடியுமுன்பே, அத்தை தூங்குவதாக எண்ணிப் போட்டாகிவிட்டது. பிறகு தட்டில் களியை வைத்தபோது அத்தை வந்து, பல் பிடுங்கப் போகிறவள் சாப்பிடக்கூடாது என்று தட்டை எடுத்துவிட்டார். ஏன் சாப்பிட வேண்டும் என்று தாய் எப்படிச் சொல்வாள்?

ஆம்பூலைக் கீழே வைத்துவிட்டுக் குளுகோஸை எடுத்தேன். சிரிஞ்சில் ஏற்றுவதற்குள் நஞ்சப்பா அவள் கையில் ரப்பர் குழாயைக் கட்டிவிட்டார். சில்லிட்ட கையில் நரம்பு எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது. தட்டினோம், தேய்த்தோம். இந்த இடத்தில் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விழுங்கத் தெரியாமல் கிடப்பவளுக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பொறுமையாக நரம்பைத் தேடுங்கள். ஒரு வழியாகக் கிடைத்தது. மெதுவாக ஏற்றினேன். அவள் முகத்தில் என் மகளின் முகம் வந்து வந்து போயிற்று. பார்க்காமலிருக்கச் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என்னா ஊசி?" என்றார் அத்தை. குரல் அடங்கியிருந்தது.

"சக்கரைத் தண்ணிங்கம்மா," என்றேன். அது பொய் இல்லை.

சிரிஞ்சு காலியாகுமுன்பே சாரதாவின் இமை அசைந்தது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பல்ல எடுத்துட்டீங்களா?"

நஞ்சப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டேன்.

கண் விழித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். காலையில் போட்ட இன்சுலின் இன்னும் உடம்பில் இருக்கிறது. குளுகோஸ் கரைந்ததும் மறுபடி இழுத்துக்கொண்டு போகும். எதிர் ஓட்டலிலிருந்து இட்லியும் சர்க்கரை போட்ட பாலும் வரவழைத்து, என் கண்முன்னாலேயே சாப்பிடச் சொன்னேன். பல்லை இன்று தொடுவதில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாய் என்னருகே வந்து கன்னடத்தில் கெஞ்சினாள். அந்த அம்மாளிடம் சொல்லிவிடாதீர்கள், சாமி. முதலில் பார்த்த இரண்டு இடமும் இதனால்தான் நின்றது. கல்யாணம் மட்டும் முடிந்துவிடட்டும்.

நான் சொல்ல மாட்டேன் என்றேன். அது என் வாயால் சொல்லவேண்டிய விஷயம் அல்ல. ஆனால், "இன்றைக்கு இவள் விழுந்தது என் நாற்காலியில். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வீட்டில் விழுந்தால், என்னவென்றே தெரியாதவன் என்ன செய்வான் அம்மா?" என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கன்னடம் சாரதாவுக்கும் தெரியும் என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

"அத்தை," என்றாள், இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில். "எனக்குச் சக்கரை வியாதி இருக்குது. தெனமும் காலையில ஊசி போட்டுக்கறேன். இன்னிக்கும் போட்டுக்கினேன். போட்டா சாப்பிடணும். சாப்பிடல, அதான் விழுந்துட்டேன்."

"சாரதா!" என்றாள் தாய்.

அத்தை பால் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றார். பாலில் ஆடை படிகிற வரைக்கும் நின்றார் என்று நினைக்கிறேன்.

"விடியாலம் மாட்டுக் கொட்டாயில வெளக்கு எரிஞ்சுதே, அது இதுக்குத்தானா?"

"ஆமாங்க அத்தை."

"அப்போ நான் அந்தக் களியைத் தூக்கிப்போயி நாய்க்குப் போட்டது..."

அத்தை டம்ளரை அவள் கையில் திணித்தார்.

"சொல்லியிருந்தா நானே ஊட்டி உட்டிருப்பேனேடி, பாவி மவளே. குடி. முழுசாக் குடி."

தாய் தயங்கித் தயங்கி, "கல்யாணம்..." என்றாள்.

"அத நான் சொல்ல முடியாது சம்பந்தி. கட்டிக்கப் போறவன் அவன். ஒண்ணையும் மறைக்காம போயி சொல்றேன். அவ்ளோதான் என்னால ஆவும்." பேச்சில் கோபம் இல்லை, இனிப்பும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகச் சொல்லி மூவரையும் அனுப்பிவைத்தேன்.

அன்று மதியம் வீட்டுக்குப் போனதும் என் மகளைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "என்னப்பா, பல்லு வலிக்காரங்களக் கேக்கற மாதிரி கேக்கறீங்க?" என்று சிரித்தாள். அவளுக்கு இந்த வியாதி இருந்து, நானும் ஒரு சம்பந்திக்கு முன்னால் நின்றிருந்தால் மறைத்திருப்பேனா? மாட்டேன் என்று சொல்லத் துணிவில்லை. ஆண்டு ஒன்று ஆகப்போகிறது. இன்றும் என்றைக்காவது என் மகள் பூஜைக்கென்று ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

தொழிலில் இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். வெறும் வயிற்றோடு யார் வந்தாலும் எதிர் ஓட்டலுக்கு அனுப்பி, சாப்பிட்டபின்தான் நாற்காலியில் ஏற்றுகிறேன். முதலில் சண்டை போட்டார்கள். ரத்தம் நிற்காவிட்டால் என்னைக் கேளுங்கள் என்றேன், நின்றது. இப்போது பழகிவிட்டார்கள். "ஓட்டல்காரரு உங்க படத்த மாட்டி மாலை போடணும் சார்," என்கிறார் நஞ்சப்பா. இரண்டாவது, உடம்பைப் பற்றிய கேள்விகளை உடன் வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். கூட வருபவர்கள் அன்பாகத்தான் வருகிறார்கள். ஆனால் மாமியாரின் முன்னால் மருமகளும், மகனின் முன்னால் தகப்பனும், முதலாளியின் முன்னால் கூலியாளும் சொல்லாத வியாதி எத்தனையோ இருக்கிறது. அது தெரியாவிட்டால் நம் தகரடப்பாவில் எது இருந்தும் பயனில்லை.

அந்த ஆடி முடியவிருந்தது. அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தேன்கனிக்கோட்டைப் பஸ்ஸில் யார் வந்தாலும் விசாரிக்க வாயெடுப்பேன். விசாரித்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று மூடிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுக்கைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் வந்தான். பல் வலியா என்றேன்.

"இல்லீங்க. நான் பெங்களூர்ல ஒரு பேக்டரியில லேத்து ஓட்டறேன். ஆவணியில எனக்குக் கல்யாணம். பொண்ணு உங்ககிட்டத்தான் மயங்கி விழுந்துதாம்."

உட்காரச் சொன்னேன். "கல்யாணம் இருக்குதா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"பெரியப்பன்மாரு வேணாங்கறாங்க. அத்தை உன் இஷ்டம்னுட்டாங்க. தேதியில ஒண்ணும் மாத்தமில்லீங்க." அதைப் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "அந்த மயக்கம் வர்றதுக்கு முன்னாடி என்னா தெரியும்னு கேட்டுப் போகலாம்னுதான் வந்தேன். எங்க பேக்டரியில பர்ஸ்ட் எய்டு கிளாஸ் எடுத்தாங்க. கை அறுந்தா என்னா செய்யணும்னு தெரியும். இது தெரியாதுங்க."

சொன்னேன். காரணமில்லாத வேர்வை, கொட்டாவி, கை நடுக்கம், வெடுவெடுப்பான பேச்சு. நினைவு இருக்கும்போதே சர்க்கரை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் டாக்டர்.

"வெடுவெடுன்னு பேசுனா சக்கரை குடுக்கணுங்களா?"

"கொடுத்துவிடு. வெறும் கோபமாக இருந்தாலும் நஷ்டமில்லை."

தலையை ஆட்டினான். "தூக்கத்துல வந்தா எப்படிங்க தெரியும்?"

எந்தப் பரீட்சையிலும் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. தூக்கத்தில் உளறுவாள், புரளுவாள், உடம்பு நனைந்து சில்லென்றிருக்கும், தொட்டால் தெரியும் என்றேன்.

"அப்போ ராத்திரியில கை எட்டற தூரத்துலயே படுத்துக்கணும்," என்றான் மனப்பாடம் செய்வதுபோல. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. நஞ்சப்பா சுவர்ப்பக்கம் திரும்பி, கழுவிவைத்த டம்ளரை மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

"ஆமாம்," என்றேன், வைத்தியனுக்குரிய முகத்தை வைத்துக்கொண்டு. "அதில் மட்டும் அலட்சியம் கூடாது."